மாடியில் நான் இல்லாத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதச் சொன்னது டாக்டர் நஸ்ரீன். மாத்திரை போட்ட நேரம், வெயிலில் இருந்த நிமிடம், மறுநாள் தோல் சிவந்ததா இல்லையா. இவ்வளவு போதும் என்றார். தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் இருந்துவிட்டு, தலைமைத் தபால் அதிகாரியாக விருப்ப ஓய்வு பெற்றவளுக்கு இவ்வளவோடு நிறுத்தத் தெரியாது.

எனக்குச் சொரியாசிஸ். முழங்கை, முதுகு, தலை. ஒவ்வொரு மார்கழியும் செதில் செதிலாக உதிரும், பங்குனியில் கொஞ்சம் அடங்கும். இந்த வருடம் பங்குனி நெருங்கியும் அடங்கவில்லை.

"இதுக்குன்னே ஒளிப்பெட்டி இருக்கு மேடம். உள்ள நின்னா சுத்தி ட்யூப் லைட் எரியும். ஆனா திருச்சிக்குப் போகணும், வாரம் மூணு நாள்" என்றார் டாக்டர்.

"புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வாரம் மூன்று நாள் என்றால் என் முழங்கால் சம்மதிக்காது."

"அப்ப சூரியன்தான். மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வெயில்ல இருங்க. மூணு நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா கூட்டலாம். மாத்திரை போட்ட அன்னைக்கு அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வெயில் படக் கூடாது, பொசுக்கிடும். சாயங்காலம் வரை கறுப்புக் கண்ணாடி போட்டே இருக்கணும். யாரும் பாக்காத இடம் இருக்கா?"

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி இருக்கிறது. துணி காயப்போட எல்லோரும் வருவார்கள், ஆனால் பதினொன்றரை மணி வெயிலில் யாரும் வர மாட்டார்கள். யாரும் பார்க்கவும் கூடாது. ஒருமுறை அலுவலகத்தில் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர், பிறகு தன் விரல்களைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். ஒட்டும் நோய் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே இன்னொரு முறை துடைத்தார். அன்றிலிருந்து எனக்கு முழுக்கை ரவிக்கைதான்.

மார்ச் 5, புதன்

ஒன்பதரைக்குச் சாப்பிட்டு மாத்திரை. பதினொன்றரைக்கு மாடி. தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. உள்பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டேன். தலையிலும் படை இருப்பதால் கூந்தலை அவிழ்த்து விரித்துவிட வேண்டும். முகத்தில் நோய் இல்லை. அதனால் அங்கே வெயில் படாதபடி வெள்ளைக் களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பூச வேண்டும். அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. பார்க்க எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பார்க்கத்தான் யாரும் இல்லையே.

மூன்று நிமிடம்.

மார்ச் 7, வெள்ளி

மூன்று நிமிடம். சிவக்கவில்லை.

லிஃப்டில் நாலாம் மாடி செண்பகவல்லி ஏறினார். டயர்க் கடைக்காரர் மனைவி, ஊர் கோவில்பட்டி. இந்தக் கட்டடத்தில் எந்தச் செய்தியும் இவர் வாய் வழியாகத்தான் போகும். எங்கள் இலாகாவில்கூட இவ்வளவு வேகம் இருந்ததில்லை.

"என்ன மேடம், வீட்டுக்குள்ளயும் கறுப்புக் கண்ணாடி? கண்ணு நோவா?"

"கண்புரை ஆபரேஷன்."

"எந்தக் கண்ணு?"

"இரண்டும்."

"ரெண்டையும் ஒண்ணா செய்ய மாட்டாவளே?"

"எனக்குச் செய்தார்கள்."

இரவுக்குள் மூன்று வீட்டிலிருந்து காரட் வந்தது.

மார்ச் 24, திங்கள்

வடகம் போடும் காலம் வந்துவிட்டது. இன்று பதினொன்றரைக்குப் போனால் மாடி முழுக்கச் சேலையும் கூழும். திரும்பி வந்து, சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன்: காக்கைத் தொல்லை காரணமாக, வடகம் பிழிபவர்கள் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துக் கீழே இறங்கிவிட வேண்டும்.

"காக்காய்க்கு மணி பாக்கத் தெரியுமா மேடம்?" என்று செண்பகவல்லி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களால்தான் சங்கம் நடத்துவது சிரமமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

ஆறாவது நிமிடத்தில் தாம்பாளம் ஒன்று விழும் சத்தம். நான் அசையவில்லை. பிறகு "ஆத்தாடி" என்று ஒரு அலறல், படிகளில் ஓடும் காலடி. எழுந்து போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் மோர்மிளகாய். யார் முகமும் தெரியவில்லை. என் முகமும் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 3, வியாழன்

மாடியில் பேய் இருக்கிறதாம். பார்த்தது செண்பகவல்லி. உச்சி வேளை, வெளுத்த முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. காலையில் வாட்ஸ்அப் குழுவில் இவ்வளவுதான் இருந்தது. மதியத்துக்குள் முழங்கால்வரை கூந்தல் வந்தது. மாலையில் கொலுசுச் சத்தம். இரவு மலையாளம் பேசியது.

வதந்திகளை நம்ப வேண்டாம் என்று குழுவில் எழுதினேன். குறிப்பாகக் கொலுசைக் கண்டித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மூடநம்பிக்கை படித்தவர்களிடமும் இவ்வளவு இருப்பது வருத்தமாக இருக்கிறது. மாடியில் ஈ காக்கை இல்லை. ஆறு நிமிடம், இடையூறு இல்லாமல்.

ஏப்ரல் 21, திங்கள்

பேய் திங்கள், புதன், வெள்ளியில் மட்டும்தான் வருமாம். மற்ற நாட்களில் தாராளமாக வடகம் போடலாம் என்று செண்பகவல்லி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். ஆனால் மற்ற நாட்களிலும் ஏற யாருக்கும் துணிவில்லை. என் சிகிச்சை நாட்களும் அவைதான். தற்செயல்.

மாடிப்படிக்குப் போகும்போது அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்தேதான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவர் சத்தமாக வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பதால் எதையும் கவனிக்க மாட்டார்.

மே 9, வெள்ளி

பத்து நிமிடம். அக்கினி நட்சத்திரம். பாயிலிருந்து எழுந்திருக்கும்போது அப்பளம்போல் இருந்தேன். ஆனால் முழங்கையில் செதில் இல்லை. தடவிப் பார்த்தேன். மறுபடியும் தடவிப் பார்த்தேன். இதை டாக்டர் எழுதச் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

நல்ல முன்னேற்றம் என்று டாக்டர் புதன்கிழமையை நிறுத்திவிட்டார். இனி திங்களும் வெள்ளியும்தான்.

ஜூன் 20, வெள்ளி

பேய்க்கும் இந்த வாரம் முதல் புதன் விடுமுறையாம். "வயசாயிருச்சில்ல, அதுக்கும் முடியலை" என்று செண்பகவல்லி காரணம் சொன்னதாக வாட்ச்மேன் லூர்துசாமி சொன்னார். பேய்க்கு என்ன வயது என்று கேட்டேன். ஐம்பத்தெட்டு, அறுபது இருக்கும் என்றாராம். எனக்கு ஐம்பத்தொன்பது. இதுவும் தற்செயல்தான்.

படியில் அவரே எதிரில் வந்தார்.

"மேடம், கறுத்துட்டிய. ஆனா மினுமினுன்னு இருக்கிய. என்ன பூசுதிய?"

"கடலை மாவு."

"கடலை மாவுக்கு வெளுக்கணும்லா?"

மீதிப் படிகளை வேகமாக இறங்கிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடிக் காற்று என் துண்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. தபால் ஊழியர் மனமகிழ் மன்றம் என்று கரையில் நெய்திருக்கும் துண்டு. மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் சிக்கி, கட்டடமே கூடி நின்று பார்த்தது. பேயின் துண்டு என்று ஒருவரும் தொடவில்லை. செண்பகவல்லி விடுவிடுவென்று வந்து, "ஏய், இது என் துண்டு, அங்கன தள்ளுங்க" என்று சுருட்டிக்கொண்டு போனார்.

மாலையில் துவைத்து மடித்த அதே துண்டு என் கதவுப் பிடியில் தொங்கியது. லூர்துசாமி வீடு மாற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்தவர் பொருளைத் தன்னுடையது என்று சொல்பவரைப் பற்றி என்ன எழுதுவது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஒன்பதரைக்கும் சிறப்பு விருந்தினர் வரவில்லை. எனக்கு ஒன்பதரைக்கு மாத்திரை. அட்டவணை என்று ஒன்று போட்டுக்கொண்டால் அதன்படி நடக்க வேண்டும். சட்டென்று மேலே போய், போட்டுக்கொண்டு வந்தேன். அவர் வந்தது பதினோரு மணிக்கு. சங்கத் தலைவர் தண்டபாணி மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். ஒலிபெருக்கி கிடைத்தால் அணைக்க மாட்டார். முற்றத்து வெயிலில் நான் முன்வரிசை. நகர முடியாது.

திடீரென்று தலைக்கு மேல் நிழல். செண்பகவல்லி, பூப்போட்ட குடையோடு.

"இது தேசியக் கொடி. குடை பிடிக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கொடிக்கா பிடிக்கேன்? கண்ணு ஆபரேஷன் செஞ்ச மேடத்துக்குப் பிடிக்கேன்" என்றார், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி.

கொடியேறி முடிகிறவரை குடை நகரவில்லை. வணக்கம் செலுத்திய என் வலது கை மட்டும் குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தக்காளிச் சிவப்பு. இரண்டு கொப்புளம். ரவிக்கை மூடியிருந்தால் என்ன, மெல்லிய துணி என்றார் டாக்டர்.

"இனி வணக்கத்தையும் நிழல்ல வைங்க மேடம். குடை இல்லாம இருந்திருந்தா உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பேன். யார் பிடிச்சது?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

"நல்ல பக்கத்து வீடு."

அவருக்கு ஆள் தெரியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மொட்டை மாடியைச் செல்போன் கோபுரம் வைக்கக் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தால் கதவைப் பூட்டிச் சாவியை அவர்களே வைத்துக்கொள்வார்கள். தண்டபாணிக்கு ஏக மகிழ்ச்சி. "பேய் இருக்கிற இடத்துக்கு வாடகை வருதுன்னா சும்மா விடலாமா மேடம்? நம்மள்ல யாரு அங்க போறாங்க?"

நான் போகிறேன் என்று சொல்ல முடியவில்லை. பொதுக்குழு நவம்பர் இரண்டாம் தேதி.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு முன்பிருந்தே மழை. வெயில் என்பதே இல்லை. முழங்கையில் படை திரும்ப வந்துவிட்டது, முதுகிலும்.

போன வாரம் முழங்காலைத் தேற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய் ஒளிப்பெட்டியில் நின்றேன். பீரோவுக்குள் நிற்பதுபோல் இருக்கிறது. பக்கத்தில் சேலை மட்டும் இல்லை. நனைந்த பஸ்ஸில் நின்றே திரும்பியதில் முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டாம் முறை போனபோது நர்ஸ் என்னைப் பெட்டிக்கு அனுப்புவதா எலும்பு டாக்டரிடம் அனுப்புவதா என்று கேட்டார்.

மழை விட்டதும் வாரம் மூன்று நாள் மாடி வெயில் வேண்டும் என்கிறார் டாக்டர் நஸ்ரீன். மாடி இருந்தால்.

நவம்பர் 2, ஞாயிறு

பொதுக்குழு. கதிர்வீச்சு ஆபத்து பற்றி நான் பேசினேன். கையில் செல்போனோடு எல்லோரும் கேட்டார்கள். கட்டடத்துக்குப் பாரம் என்றேன். பொறியாளரான எனக்குத் தெரியாதா என்றார் தண்டபாணி. ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்று சொல்லிவிட்டார். கைகள் எழ ஆரம்பித்தன.

"ஒரு நிமிடம்" என்றேன். "மாடியில் பேய் இல்லை. அங்கே இருப்பது நான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மேடம், உங்களுக்கு மூடநம்பிக்கை பிடிக்காது, தெரியும். அதுக்காக நீங்களே பேய்னு சொல்லணுமா?" என்றார் தண்டபாணி.

"வெயில் சிகிச்சைக்காகப் போகிறேன். மார்ச் முதல்."

"பேய்க்கு முழங்கால்வரைக்கும் கூந்தல்" என்றார் மூன்றாம் மாடி ஆறுமுகநயினார்.

"தோள்வரைதான்."

"கொலுசு?"

"அணிவதில்லை."

"மலையாளம்?"

"தெரியாது."

"பாருங்க" என்றார் அவர், சபையைப் பார்த்து. ஏழு மாதத்தில் பேய் என்னைவிட எவ்வளவோ வளர்ந்துவிட்டது. என் விவரம் எதுவும் அதன் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை.

"நேர்ல பார்த்தவங்ககிட்டயே கேட்டுடுவோம். செண்பகவல்லி, நீ பார்த்தது மேடத்தையா?" என்றார் தண்டபாணி.

எல்லோரும் திரும்பினார்கள். செண்பகவல்லி பேசவில்லை. இந்தக் கட்டடத்தில் குடியேறி ஒன்பது வருடத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டுமாக்கா?" என்றார்.

அதுவரை நான் மேடம். நான் வலது கை ரவிக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். சிவந்த படையும் அதன் மேல் வெள்ளைச் செதிலும், இருபது குடும்பத்துக்கு நடுவில், ட்யூப் லைட் வெளிச்சத்தில். "சொல்லுங்கள்" என்றேன்.

"நான் பாத்தது அக்காவத்தான். பயந்து ஓடுனது நெசம். ஆனா ஓடுத வழியில மாடிக் கதவுகிட்ட அக்கா செருப்பு கெடந்துச்சு. எந்தப் பேய் செருப்பக் கழட்டி வச்சிட்டு வரும்? அதுக்குள்ள நான் போட்ட சத்தத்துல எல்லாரும் கூடிட்டிய. ஏதாவது சொல்லணும்லா? அக்கா முதுகப் பாத்தேன். மறைக்காவன்னு புரிஞ்சிச்சு. நானும் மறைச்சேன்."

"ஏழு மாசமா?" என்றார் தண்டபாணி.

"ஏழு மாசமும் ஒரு பேயக் கட்டி மேய்க்கது லேசுன்னு நெனைக்கியளா?"

பிறகு நடந்த கூச்சலில் என் முழங்கையை யாரும் பார்க்கவில்லை. "அப்ப நான் கட்டியிருக்கற தாயத்து?" என்று ஆறுமுகநயினார் கத்தினார். "என் சம்சாரம் ஏழு மாசமா ஹால்ல கொடி கட்டித் துணி காயப் போடுறா, நான் ஈரப் பாவாடைக்கு நடுவுல நியூஸ் பார்க்கிறேன்!" என்று தண்டபாணி கத்தினார். பேய் இல்லை என்றதும் மாடி எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மறுபடி கைதூக்கச் சொன்னபோது கோபுரத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. தண்டபாணியின் கையும் இல்லை.

மாடி மிஞ்சியது. என் ரகசியம் மிஞ்சவில்லை. செண்பகவல்லியின் பேச்சுக்கு இருந்த மதிப்பும்தான்.

நவம்பர் 10, திங்கள்

தொட்டி நிரம்பி வழிகிறது என்று செண்பகவல்லி காலையிலேயே வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. மாலைவரை தண்ணீர் ஓடியது.

"எம்பேச்சுக்கு இப்ப மரியாத இல்லக்கா" என்று என் வீட்டுக்கு வந்து சொன்னாள். காபி போட்டுக் கொடுத்தேன். வாயைத் திறந்தால் ஊர் நம்பும் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே சொத்து. அதை என் பொருட்டு விட்டிருக்கிறாள். இப்படியெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

முதல் நல்ல வெயில். மாத்திரை போட்டுக்கொண்டு பதினொன்றரைக்குப் போனேன். மழையில் ஊறிய மெத்தையும் தலையணையும் மாடியை அடைத்துக் கிடந்தன. கூடவே அவற்றின் சொந்தக்காரர்களும். தண்டபாணி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். தொட்டிக்குப் பின்னால் ஆறுமுகநயினார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வைத்தியம் பாருங்க, நாங்க கண்டுக்க மாட்டோம்" என்றார், பேப்பரை மடித்து வைத்துவிட்டு.

நான் வருவதைப் பார்த்து ஒரு அம்மாள் தன் தலையணையைத் தள்ளிப் போட்டாள். முதுகைத் திறக்காமலே இறங்கி வந்தேன்.

பூஜ்யம் நிமிடம்.

நவம்பர் 21, வெள்ளி

பூஜ்யம். சங்கத்தின் மாடியில் சங்கத்து உறுப்பினர்களை வர வேண்டாம் என்று சொல்ல எந்த விதியிலும் இடமில்லை. விதிகளை எழுதியதே நான்தான். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

பூஜ்யம்.

மாலை செண்பகவல்லி வந்தாள். முகத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு கொஞ்சம் வேண்டும் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியும் கேட்டாள். செவ்வாய்க்கிழமை எனக்கு அது தேவைப்படாது என்பதால் கொடுத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

எனக்குச் சிகிச்சை இல்லாத நாள். பதினொன்றரைக்கு என் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேஸ் அடுப்பு பழுதுபார்க்க வந்தவர் கூடவே இருந்தார்.

மேலே ஒரு அலறல். அதன் பின் ஏழெட்டுப் பேர் படியிறங்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் தண்டபாணி என் வாசலில் நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் ஆறுமுகநயினார், கையில் பேப்பரின் பாதி.

"மேடம், இப்ப நீங்க மாடியில இருந்தீங்களா?"

"இல்லை. எனக்குத் திங்கள், புதன், வெள்ளி."

"நிச்சயமா?"

அடுப்புக்காரரைக் காட்டினேன். "அம்மா ஒரு மணி நேரமா இங்கதான் சார் இருக்காங்க" என்றார் அவர்.

தண்டபாணியின் முகத்தில் ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் நான் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை என்று ஊருக்கே தெரியும். "அப்ப செண்பகவல்லி ஆரம்பத்துல சொன்னதுதான் நெசமா? உங்களைக் காப்பாத்தத்தான் அன்னிக்குக் கூட்டத்துல மாத்திச் சொன்னாளா?" என்றார்.

"அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

கேட்கப் போனார்கள். நாலாம் மாடிப் படியில் கூட்டம் நின்றது. அவள் குரல் என் வீடுவரை கேட்டது. "நான் சொன்னப்ப நம்பினியளா? ம்? நம்பினியளா?"

குழுவில் செயலாளரின் விளக்கம் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். எழுதினேன்: இன்று பகல் பதினொன்றரைக்கு நான் மாடியில் இல்லை.

நவம்பர் 26, புதன்

ஒன்பதரைக்கு மாத்திரை. பதினொன்றரைக்கு மாடி. மெத்தை இல்லை, தலையணை இல்லை, நடைப்பயிற்சி இல்லை. தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவில் பாயை விரித்தேன்.

ஆளே இல்லை என்று எழுதினால் தவறு. செண்பகவல்லி லிஃப்ட் அறை நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காதோரம் கொஞ்சம் களிம்பு இன்னும் போகவில்லை. நேற்று முதலில் பார்த்தது யார், யார் யாரைத் தள்ளிவிட்டு ஓடினார்கள், தண்டபாணி என்ன மந்திரம் சொன்னார் என்று ஆரம்பித்தாள்.

இடைவெளி விட்டதால் மறுபடி குறைத்துத் தொடங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான்கு நிமிடம். அதன் பிறகு சேலையைச் சுற்றிக்கொண்டு நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.